மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு நாள்

ஏழாயிரம்பண்ணை கரிசல் பூமி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் பருத்தியும்; பொய்த்தால் தீப்பெட்டியும் பட்டாசும். இவ்வட்டார மக்கள் தீக்குச்சி அடுக்கியும், பெட்டி ஒட்டியும், வெடிக்குத் திரி வைத்தும் பிள்ளைகளை வளர்ப்பவர்கள். இந்நாட்டில் எங்கெங்கோ ஏற்றப்படும் விளக்குகளுக்குப் பொறியைத் தருபவை இவர்களுடைய விரல்களே. இம்மக்களின் நடுவே பங்குப்பணி ஆற்றிவரும் என் மனத்தில், சென்ற ஆண்டு ஒரு சிறுவன் ஒரு கேள்வியைக் கொளுத்திப் போட்டான். அக்கேள்வி என்னைக் கொச்சி வரை இழுத்துச் சென்றது. அந்தப் பயணத்தையே இங்கு எழுதுகிறேன்.

உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அது. பெரிய வெள்ளி இரவு கோவில் திடலில் நடந்த பாஸ்கு நாடகம் பிள்ளைகளின் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. ஞானோபதேச வகுப்பில், பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் எழுந்தான். "சாமி, ஹிட்லர் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆண்டவரைக் கொன்றவர்கள் யூதர்கள்தானே? அப்படியானால் அது கடவுள் கொடுத்த தண்டனைதானே?" என்று கேட்டான். குறும்புக்குக் கேட்கவில்லை, கள்ளமற்ற முகத்தோடு கேட்டான். சுற்றியிருந்த பிள்ளைகளும் "ஆம்" என்பதுபோல் என்னையே நோக்கினர்.

நானும் ஏதோ விடை சொன்னேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்றேன், ஏட்டின் பெயரைச் சொன்னேன், ஆண்டைச் சொன்னேன். அவ்விடை அவனுக்கு எட்டவில்லை என்பதை அவன் அமர்ந்த விதமே காட்டிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்படி எண்ணக் கற்றுக்கொடுத்தவர் யார்? பள்ளிக்கூடம் அன்று. நம் கோவில் திடல்தான்.

நம் மேடையில் நாம் கட்டிய வேடம்

எங்கள் பாஸ்கு நாடகத்துக்குப் பரம்பரையாக வரும் கையெழுத்து ஏடு ஒன்று உண்டு. அதில் பக்கத்துக்குப் பக்கம் "பாவி யூதர்" என்றும் "கொடிய யூதர்" என்றும் வரும். யூதர் வேடம் கட்டுவோருக்கு முறுக்கிய மீசை, மை பூசிய முகம், கையில் சாட்டை. அவர்கள் மேடையேறினால் முன்வரிசைப் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றுவதும் உண்டு. ஆனால் அதே மேடையில் தோன்றும் மாதாவை யாரும் யூதப் பெண் என்று நினைப்பதில்லை. இராயப்பரையும் அருளப்பரையும் மதலேன் மரியாளையும் அவ்வாறு நினைப்பதில்லை. ஆண்டவரையே நினைப்பதில்லை. கெட்டவர் மட்டுமே யூதர்!

எங்கள் ஊரில் யாரும் ஒரு யூதரைக் கண்ணால் கண்டதில்லை. கண்ணால் காணாத மக்களை வெறுப்பது எளிது. ஆகவே நமக்கு அண்மையில் யூதர் வாழ்ந்த இடத்தைச் சென்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். துணைக்கு எங்கள் உபதேசியாரை அழைத்தேன். முப்பது ஆண்டுகளாக அந்நாடகத்தைப் பயிற்றுவிப்பவர் அவர். கைப்பாஸ் வேடமும் அவருக்கே உரியது.

சிவகாசியில் வேளாங்கண்ணி–எர்ணாகுளம் விரைவு ரயிலில் ஏறினோம். செங்கோட்டையைத் தாண்டி வண்டி மலையேறியபோது, பதின்மூன்று வளைவுப் பாலமும் பச்சைப் பள்ளத்தாக்கும் கரிசல்காட்டுக் கண்களுக்கு விருந்தாயின. "உபதேசியாரே, மாதாவின் ஊரிலிருந்து புறப்பட்ட வண்டி, மாதாவின் இனத்தாரைக் காண நம்மை அழைத்துப் போகிறது, பார்த்தீரா?" என்றேன். அவர் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டு, "மாதா யூதப் பெண் என்பது எனக்குத் தெரியும் சாமி. ஆனால் நினைத்துப் பார்த்ததில்லை" என்றார்.

நம் எழுத்தில் ஒரு செப்பேடு

எர்ணாகுளத்திலிருந்து படகேறி உப்பங்கழியைக் கடந்தோம். கொச்சிக் கோட்டையில் திருச்சிலுவைப் பேராலயத்தில் செபித்துவிட்டு, மறுநாள் காலை மட்டாஞ்சேரிக்குச் சென்றோம். சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகளைத் தாண்டினால் யூதத் தெரு. தெருவின் கோடியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசிச் செபக்கூடம். அதன் ஒரு பக்கம் கொச்சி மன்னரின் அரண்மனை. அரண்மனை வளாகத்தில் பழையன்னூர் பகவதி கோவில். அரசரின் கோவில் மணியோசையும் யூதரின் செப ஒலியும் ஒரே காற்றில் கலந்த இடம் அது.

முகப்பில் 1760-ஆம் ஆண்டின் மணிக்கூண்டு. யூத வணிகர் எசெக்கியேல் ரஹாபி கட்டுவித்தது. உள்ளே செல்லுமுன் காலணியைக் கழற்ற வேண்டும். உலகின் பிற நாடுகளில் யூதர் காலணியோடு செபக்கூடம் செல்வர். கேரளத்து யூதரோ நம் நாட்டு மரபைத் தழுவிக்கொண்டனர். தரையில் சீனத்திலிருந்து தருவித்த நீலவண்ண ஓடுகள்; அவை கையால் வரையப்பட்டவை. மேலே கண்ணாடித் தொங்கு விளக்குகளும் எண்ணெய் விளக்குகளும். நடுவே பித்தளைக் கம்பியழி சூழ்ந்த வாசக மேடை. எதிரே, திரைக்குப் பின், மோயீசனின் ஐந்து நூல்களைக் கொண்ட தோராச் சுருள்கள். அவற்றில் ஒன்றுக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொன் முடியும் உண்டு.

அம்மேடையைக் கண்டதும் உபதேசியார் என் காதருகே குனிந்து, "நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் நம் ஆண்டவர் எழுந்து நின்று வாசித்தது இப்படிப்பட்ட சுருளைத்தானா, சாமி?" என்று கேட்டார். "இப்படிப்பட்ட சுருளையே, இதே எழுத்தில்" என்றேன். அவர் தம்மை அறியாமலே சிலுவை அடையாளம் வரையக் கையை உயர்த்தி, பிறகு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

இச்சமூகத்தின் பெருஞ்செல்வம் பொன் முடி அன்று, இரண்டு செப்பேடுகளே. ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர இரவிவர்மர், கொடுங்கல்லூர்ப் பகுதியில் வாழ்ந்த யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் வழங்கிய சாசனம் அது. பல்லக்கு, குடை, பாவாடை, தோரணம், பகல் விளக்கு ஆகியவை அவ்வுரிமைகளுள் சில. சூரிய சந்திரர் உள்ளவரை அவர் வழித்தோன்றல்களுக்கு இவை உண்டு என்பது அரசர் வாக்கு. அச்செப்பேடு எந்த எழுத்தில் உள்ளது என்று நினைக்கிறீர்கள்? பாண்டிய நாட்டிலும் வழங்கிய நம் பழைய வட்டெழுத்தில்! மொழியோ மலையாளம் தனியே பிரிந்துவந்த காலத்துத் தமிழ். பகலிலும் விளக்கேந்திச் செல்லும் பெருமையை ஓர் அந்நிய மக்களுக்குத் தந்த மன்னர், அதை நம் எழுத்தில் தந்திருக்கிறார்.

எரித்தவர் யார்?

இவ்வளவும் கேட்ட உபதேசியார், "அப்படியானால் இவர்கள் இங்கே சுகமாகவே வாழ்ந்தார்களா?" என்றார். அங்கேதான் என் நா தடுமாறிற்று.

1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அரசரும் அரசியும் தம் நாட்டு யூதர் அனைவரையும் துரத்தினர். சில ஆண்டுகளில் போர்த்துக்கல்லும் அதையே செய்தது. அங்கிருந்து தப்பியோரில் சிலர் கடல் கடந்து கொச்சிக்கு வந்தனர். "பரதேசி" என்னும் பெயர் அவர்களால் வந்ததே. கொடுங்கல்லூரில் வாழ்ந்த பழைய யூதரும் 16-ஆம் நூற்றாண்டில் தாக்குண்டு, கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். மன்னர் தம் அரண்மனையை ஒட்டிய நிலத்தையே அவர்களுக்கு அளித்தார். பின்னர் ஒல்லாந்தர் கொச்சியை முற்றுகையிட்டுப் பின்வாங்கிய 1662-ஆம் ஆண்டில், யூதர் ஒல்லாந்தருக்கு உதவினர் என்று சினந்து, போர்த்துக்கீசர் இச்செபக்கூடத்துக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டு ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றிய பிறகே அது மீண்டும் எழுந்தது.

"எரித்தவர்கள் யார், சாமி?" என்று உபதேசியார் மறுபடியும் கேட்டார். "நம்மவர்கள், நாம் ஓதும் விசுவாசப் பிரமாணத்தையே ஓதியவர்கள்" என்றேன். இந்து மன்னர் நிலம் தந்தார். கத்தோலிக்கர் தீ வைத்தனர். தீயோடு வாழும் ஊரிலிருந்து சென்ற எங்கள் இருவருக்கும் அதைக் கேட்டு நிற்பது எளிதாக இல்லை.

ஒரு மக்களை மதிக்க அவர்களைச் சம்மனசுகள் ஆக்க வேண்டியதில்லை. இவர்களுக்குள்ளும் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவு நெடுங்காலம் இருந்தது. அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்கள், இச்செபக்கூடத்தில் மற்றவர்களோடு சமமாக அமர முடியாதிருந்தனர். அவர்களுள் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம், காந்தியடிகளின் வழியில் அமைதியாகப் போராடி அத்தடையைத் தளரச் செய்தார். 1967-இல் அவர் மறைந்தபோது அது பழங்கதையாகிவிட்டிருந்தது. கோவிலுக்குள் சாதி வரிசை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. ஆதலால் இதில் நாம் பெருமை பேச இடமில்லை.

பத்துப் பேர் வேண்டும்

யூதரின் சமய வாழ்வு பெரும்பகுதியும் வீட்டிலேயே நடப்பது. வெள்ளி மாலை கதிர் சாயுமுன் குடும்பத் தலைவி விளக்கேற்ற, ஓய்வுநாள் பிறக்கும். பாஸ்காத் திருநாளில் புளியாத அப்பம். தோராவை வாசித்து முடிக்கும் திருநாளில் சுருளைக் கையிலேந்தி ஆடிப்பாடிச் சுற்றி வருவர். கேரளத்து யூதப் பெண்களோ விவிலிய வரலாறுகளை மலையாளப் பாட்டாகப் பாடினர். அப்பாட்டுக்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கு வழங்கினர். நம் ஊரில் வியாகுலப் பிரலாப நோட்டுகளைப் பாட்டிமார் காத்து வைப்பது போன்றதே இது.

இறந்தோருக்காக அவர்கள் சொல்லும் செபம் காதிஷ் எனப்படும். அதில் சாவு என்ற சொல்லே இல்லை; முழுவதும் கடவுளின் பெயருக்குப் புகழ்ச்சி. இறந்தவரின் ஆண்டு நாளில் ஓர் இரவும் ஒரு பகலும் எரியும்படி விளக்கேற்றுவர். ஆனால் அச்செபத்தைச் சபையாகச் சொல்ல, மரபின்படி, பருவமெய்திய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும்.

அந்தப் பத்துப் பேர் இன்று மட்டாஞ்சேரியில் இல்லை. 1948-இல் இஸ்ராயேல் நாடு பிறந்தபோது கேரளத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் இருந்தனர். 1950-களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். யாரும் துரத்தி அன்று. முன்னோர் மண்ணின் மீதுள்ள பக்தியினால். 1968-இல் செபக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. அதன்பின் தெரு மெல்ல மெல்லக் காலியாயிற்று. பின்னல் வேலைப்பாடு செய்த துணிகளை விற்றுவந்த சாரா கோகன் அம்மையார் 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்தார். அவரைக் கடைசிவரை மகனைப்போல் கவனித்தவர் ஒரு முஸ்லிம் அன்பர். செபக்கூடத்தைப் பல ஆண்டுகள் பேணிய குவீனி ஹலேகுவா அம்மையாரும் 2024-இல் காலமானார். இன்று வெளியூர் யூதர் வந்தாலன்றி அங்குக் காதிஷ் ஒலிப்பதற்கில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கும் சென்றோம். வாயில் பூட்டியிருந்தது. யூதர் கல்லறைக்குப் பூ வைப்பதைவிட ஒரு சிறு கல்லை வைப்பதையே வழக்கமாகக் கொண்டவர்கள் என்று உபதேசியாருக்குச் சொன்னேன். பூ வாடும்; கல் "நான் வந்தேன், மறக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் ஒரு கூழாங்கல்லைத் தேடியெடுத்து மதிலோரம் வைத்தார்.

இடமும் பெயரும்

மட்டாஞ்சேரியில் பத்துப் பேர் இல்லாமற்போனது குடிபெயர்ச்சியால். ஐரோப்பாவிலோ கொலையால் இல்லாமற்போயினர். 1933 முதல் 1945 வரை ஜெர்மனியை ஆண்ட நாசிகள், அறுபது இலட்சம் யூதரைக் கொன்றனர். அவர்களில் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பேர் குழந்தைகள். போலந்து நாட்டு அவுஷ்விட்ஸ் முகாம் ஒன்றில் மட்டும் கொல்லப்பட்டோர் பதினோரு இலட்சம். அவர்களில் பத்து இலட்சம் பேர் யூதர். எத்தனையோ சிற்றூர்களில் பாட்டன் முதல் பச்சிளங் குழந்தை வரை அழிந்தமையால், காதிஷ் சொல்ல ஒரு மகன்கூட மிஞ்சவில்லை. முகாம்களில் மனிதருக்குப் பெயர் இல்லை. அவுஷ்விட்ஸில் கையில் பச்சை குத்திய எண்ணே பெயர்.

இதனால்தான் எருசலேமில் 1953-இல் நிறுவப்பட்ட நினைவகத்துக்கு "யாத் வாஷேம்" என்று பெயரிட்டனர். இசையாஸ் தீர்க்கதரிசியின் நூலிலிருந்து எடுத்த அச்சொற்களுக்கு "இடமும் பெயரும்" என்பது பொருள். கொல்லப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி எழுதுவது அதன் பணி. இதுவரை 48 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்துள்ளன. உயிர் தப்பியோரின் சாட்சியே அதற்குப் பெருந்துணை. அவர்களில் இன்று எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்த முதியவர்கள். பலர் பல்லாண்டுகள் வாய் திறக்கவே இல்லை. பின்னர்ப் பேரப்பிள்ளைகள் கேட்டபோது பேசினர். பள்ளிகளுக்குச் சென்று மாணவர் முன் பேசினர். தம் புண்ணைத் தாமே திறந்து காட்டியது பழிவாங்க அன்று; இனி ஒருவருக்கும் இது நேரலாகாது என்பதற்காக.

பெயர் தேடுவது என்றால் என்னவென்று எங்கள் வட்டாரத்துக்குத் தெரியும். 2012-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர், 2021-இல் எங்களுக்கு அடுத்த அச்சங்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல், பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் மாண்டனர். விபத்து வேறு, திட்டமிட்டு ஓர் இனத்தையே அழித்தது வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது பாவம். ஆயினும், மாண்டவரை எண்ணிக்கையாகச் சொல்லிவிட்டு உலகம் நகரும்போது, அவர் பெயரைச் சொல்லி அழும் தாயின் நெஞ்சு எங்கும் ஒன்றே.

அக்காலத்தில் இந்தியாவில் அடைக்கலம் பெற்ற யூதரும் உண்டு. 1934-இல் பம்பாய்க்கு வந்த இசைஞர் வால்டர் காஃப்மன் அவர்களில் ஒருவர். ஆகாசவாணியில் நாள்தோறும் விடியற்காலையில் நம் வீடுகளில் ஒலித்த அந்த அடையாள இசையை அமைத்தவர் அவரே என்பர். யூதரைக் கண்டதில்லை என்று சொல்லும் நாம், ஒரு யூதரின் இசையைக் கேட்டே கண்விழித்திருக்கிறோம்!

திருச்சபை தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டது

நம் தாய்த் திருச்சபையும் மெல்ல விழித்தது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து நெடுங்காலம் வழங்கிய கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1959-இல் நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளில் நடந்தவற்றை அக்காலத்து யூதர் அனைவர்மீதோ இக்காலத்து யூதர்மீதோ சுமத்தலாகாது என்று போதித்தது. இது புதுமையும் அன்று. ஆண்டவரின் சாவுக்குக் காரணம் பாவிகளாகிய நாம் எல்லோருமே என்று 1566-ஆம் ஆண்டுத் திரிதெந்தின் ஞானோபதேசமே கற்பித்தது. மட்டாஞ்சேரிச் செபக்கூடத்துக்கு அது இரண்டு ஆண்டு மூத்தது! திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் 1986-இல் உரோமைச் செபக்கூடத்துக்குச் சென்று யூதரை நம் மூத்த சகோதரர் என்றழைத்தார். 2000-இல் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் செபத்தை எழுதி வைத்தார்.

அவர் 1998-இல் புனிதையாக உயர்த்திய எடித் ஸ்டைன், யூதக் குடும்பத்தில் பிறந்து கார்மேல் துறவியானவர். ஒல்லாந்து ஆயர்கள் யூதருக்காகக் குரல் கொடுத்தபோது, நாசிகள் அவரையும் மடத்திலிருந்து இழுத்துச் சென்றனர். 1942 ஆகஸ்டு 9 அன்று அவுஷ்விட்ஸில் அவர் கொல்லப்பட்டார். கன்னியர் உடை அவரைக் காக்கவில்லை. யூதப் பிறப்பே அவருக்குக் குற்றமாயிற்று.

ஏட்டில் ஒரு திருத்தம்

திரும்பும் வண்டியில் உபதேசியார் துணிப்பையிலிருந்து நாடக ஏட்டை எடுத்தார். அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. "என் தாத்தா கையெழுத்து, சாமி" என்றார். கொல்லத்தைத் தாண்டிய பிறகு முதற்பக்கத்தைத் திறந்து, "பாவி யூதர்" என்ற இடத்தில் "பாவிகளாகிய நாம்" என்று எழுதினார்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு அந்தப் பையனை அழைத்தேன். "தம்பி, ஹிட்லரின் ஆட்கள் நாசரேத்தூருக்கு வந்திருந்தால் அந்தத் தச்சர் வீட்டில் யாரை விட்டிருப்பார்கள்?" என்றேன். அவன் யோசித்தான். "சூசையப்பரைக் கொண்டு போயிருப்பார்கள்," என்றான். பிறகு, "மாதாவையும்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவுஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட 1945 சனவரி 27-ஐ நினைவு நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2005-இல் அறிவித்தது. இவ்வாண்டு அந்நாளில், எங்கள் கோவிலில் மாலைச் செபத்தின்போது ஒரு அகல் விளக்கு ஏற்றினோம். அந்தப் பையனே ஏற்றினான். தீக்குச்சி எங்கள் ஊர் விரல்கள் அடுக்கியது. பெரிய வெள்ளி இரவு, நாடகம் தொடங்குமுன், உபதேசியார் வேடமின்றி மேடையில் வந்து நின்று, "ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தது நம் பாவமே" என்று சொல்லிவிட்டே கைப்பாஸ் வேடம் கட்டப் போனார். பாட்டிமார் இவ்வாண்டும் அழுதார்கள். மண்ணை மட்டும் யாரும் வாரவில்லை.

அன்பார்ந்த பங்குக் குடும்பங்களே! உங்கள் வீட்டிலும் பாஸ்கு ஏடு இல்லாவிட்டாலும், ஒரு மக்களைச் சபிக்கும் பழமொழியோ பாட்டோ எங்கேனும் இருக்கலாம். அது யூதரைப் பற்றியதாகவோ, அடுத்த தெருவாரைப் பற்றியதாகவோ இருக்கலாம். இன்றிரவு குடும்பச் செபத்துக்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். பிறகு, பெயர் சொல்ல ஆளில்லாமல் இறந்தவர்களுக்காக ஓர் அருள் நிறை மரியே சொல்லுங்கள். அச்செபத்தை ஏற்கும் அன்னையும் அம்மக்களின் மகளே.